பத்துக்குப் பத்தில் ஒரு கார்

சென்னையில் வாடகைக்கு அறை தேடி அலைந்தவர்களுக்குப் 'பத்துக்குப் பத்து' என்ற சொல் மனப்பாடம். ஒரு கட்டில், ஒரு பீரோ, மூலையில் ஸ்டவ், கொடியில் நாலு சட்டை. அதற்கு மேல் கொள்ளாது. 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரை அந்த அறைக்குள் நிறுத்திப் பார்க்கலாம். காரின் நீளம் 3,054 மில்லிமீட்டர். பத்தடி என்பது 3,048. ஆறு மில்லிமீட்டர் இடிக்கும். சுவர்ப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும். அகலம் 1,410 மில்லிமீட்டர்தான் என்பதால் பக்கத்தில் இன்னொரு மினியையும் செருகலாம். கதவைத்தான் திறக்க முடியாது.

இன்று அதே பெயரில் விற்கிற மூன்று கதவு மினி கூப்பரின் நீளம் 3,876 மில்லிமீட்டர், அகலம் 1,744. பத்துக்குப் பத்தில் ஒன்றுகூட அடங்காது. பின்பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மூக்கு வராந்தாவில் நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே முகம், ஊர்கூட ஒன்றுதான். பழைய மினி ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி ஆலையிலும் பர்மிங்காம் பக்கத்து லாங்பிரிட்ஜ் ஆலையிலும் பிறந்தது. புதியதன் பெட்ரோல் வடிவம் இன்றும் கௌலியில்தான் பிறக்கிறது. இரண்டையும் அருகருகே பார்க்கிறவர்களில் ஒரு பாதி, அந்தக் காலத்து மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள். மறு பாதி, அது தகர டப்பா, இதுதான் கார் என்கிறார்கள். இரண்டாம் பாதியின் கட்சிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. புது மினி ஓட்டுவதற்கும் உயிரோடு வீடு திரும்புவதற்கும் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது பழைய மினியின் வாரிசா என்று கேட்டால், எந்தப் பழைய மினிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய மினி ஒரே உடம்பில் இரண்டு பிழைப்புப் பிழைத்த கார்.

முதல் பிழைப்பு பெட்ரோல் பஞ்சத்தில் தொடங்கியது. 1956இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார்; அதையொட்டி மூண்ட சண்டையில் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனுக்கு எண்ணெய் வரத்து குறைந்து, டிசம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெரிய கார்கள் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றன. அந்த நேரம் பார்த்து, ஜெர்மனியிலிருந்து வந்த பபிள் கார்கள் சூடாக விற்றன. இசெட்டா என்று ஒன்று. முட்டை வடிவம், முன்முகம் முழுவதுமே ஒரு கதவு, ஃபிரிட்ஜைத் திறப்பதுபோலத் திறந்து உள்ளே போய் உட்கார வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பிஎம்சியின் தலைவர் லெனார்டு லார்டுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. இவற்றைத் தெருவைவிட்டு விரட்டுகிற மாதிரி ஒரு சரியான சின்னக் கார் வேண்டும் என்று தன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் சொன்னார்.

இசிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். தந்தை கிரேக்க வழியில் வந்த பிரிட்டிஷ் குடிமகன், தாய் ஜெர்மன்காரர். 1948இன் மோரிஸ் மைனர் அவர் கைவண்ணம்; கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் அதைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அதே கௌலியிலிருந்து வந்ததுதான். அந்த வகையில் அம்பாசடருக்கும் மினிக்கும் பங்காளி முறை. ஒன்று பெரியப்பா மகன் போலத் தொப்பையும் தொந்தியுமாக வளர்ந்தது, இன்னொன்று இப்படி.

மினியில் இசிகோனிஸ் செய்த காரியத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். அதுவரை பெரும்பாலான கார்களில் எஞ்சின் நெடுக்கில் இருக்கும், அதன் வாலில் கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரம் வரை காரின் அடிவயிற்றில் ஒரு நீளத் தண்டு. இத்தனையும் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஆள் உட்கார வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களையே சுழலவிட்டால் தண்டு தேவையில்லை. ஆனால் குறுக்கே வைத்த எஞ்சினோடு கியர் பாக்ஸையும் சேர்த்தால் அகலம் மீறுகிறது. அதனால் கியர்களை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே இறக்கிவிட்டார். எஞ்சினும் கியரும் ஒரே ஆயிலில் குளித்தன. பத்தடியில் எட்டடி ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சியது. இதுதான் மினி. மற்றதெல்லாம் இதன் பின்விளைவு.

பின்விளைவுகள்தான் சுவையானவை. சக்கரம் பெரிதாக இருந்தால் அதன் வளைவு காருக்குள் இடத்தைத் தின்னும். எனவே பத்து அங்குலச் சக்கரம், நம் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு இருந்த அதே அளவு. அந்த அளவில் காரைத் தாங்கும் டயரை டன்லப் புதிதாகச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. சுருள்வில் வைத்தால் இடம் போகும். எனவே அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். ரப்பருக்கு ஒரு குணம் உண்டு, அமுக்க அமுக்க விறைக்கும். அறுநூறு கிலோ காரில் நான்கு பேர் ஏறினால் எடை பாதியளவு கூடிவிடுகிறது, அதைத் தாங்க அந்த விறைப்பு வசதி. கதவுக்குள் கண்ணாடி இறங்கினால் கதவு தடிக்கும். எனவே கண்ணாடி நகர்த்தித் திறப்பதாகவே இருந்தது, மெலிந்த கதவின் உட்பக்கம் முழுக்க ஆழமான பை. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடி கிடையாது, ஒரு கயிறு. தகடுகளைப் பற்றவைத்த விளிம்பை உள்ளே மடித்து மறைக்காமல் வெளியே நீட்டியபடி விட்டார்கள். வேலையும் எளிது, உள்ளே அரை அங்குலம் மிச்சம். டிக்கிக் கதவு கீழ்நோக்கித் திறந்து பலகையாக நிற்கும். அதன்மேல் சாமான் வைத்துக் கட்டி ஓட்டலாம். அப்போது நம்பர் பிளேட் கதவோடு சேர்ந்து படுத்துவிடக் கூடாதே என்று அதற்குத் தனியாகக் கீல் வைத்து, தானே தொங்கி நேராக நிற்கும்படி செய்திருந்தார்கள். வேகமானி நட்டநடுவில் இருந்தது. அழகுக்காக இல்லை, இடதுபக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்கும் வலதுபக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்கும் ஒரே டாஷ்போர்டு போதும் என்பதற்காக.

கட்டுசெட்டாகக் குடித்தனம் நடத்திய பாட்டிமார் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கும்போது வருகிற மரியாதை எனக்கு இந்தக் காரைப் பற்றிப் படிக்கும்போது வரும்.

ஆனால் அதை ஓட்டியவர்கள் வேறு கதையும் சொல்வார்கள். தரைத் தகடுகளின் இணைப்பைத் தப்பான பக்கம் மடித்து வைத்துவிட்டதால் ஆரம்பகாலக் கார்களில் மழைநீர் உள்ளே ஏறிக் காலடியில் குளம் கட்டியது. எஞ்சினுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது; பலத்த மழையில் அது நனைந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சோதனை ஓட்டக் காலத்தில் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பிப் போட்டதன் பலன் அது. சம்ப்புக்குள் கியர் வைத்ததால் ஓர் ஊளைச் சத்தம் கூடவே வரும். சாதாரண மாடலில் ஹீட்டர்கூடத் தனிக்காசு, லண்டன் குளிரில்! ரேடியோ வைக்க இடமே விடவில்லை, இசிகோனிஸுக்குக் காரில் ரேடியோ பிடிக்காது. பெட்ரோல் டாங்க் டிக்கிக்குள் ஓரமாக உட்கார்ந்திருந்தது. மோதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, மோதாமல் ஓட்டு என்பதுதான் அந்தக் காலத்துப் பதில்.

848 சிசி, 34 குதிரைத்திறன். 1959இல் 'தி மோட்டார்' இதழ் சோதித்தபோது உச்ச வேகம் மணிக்கு 116 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து 96 கிலோமீட்டரைத் தொட 27 நொடி. ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விலை வரியோடு ஐந்நூறு பவுண்டுக்கு மூன்று பவுண்டு குறைவு. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்க முடியும் என்று ஃபோர்டு நிறுவனம் ஒரு மினியை வாங்கிக் கழற்றிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு காருக்கும் பிஎம்சிக்கு நஷ்டம்தான் என்று கண்டுபிடித்ததாக ஒரு கதை மோட்டார் உலகத்தில் நெடுநாளாக உலவுகிறது.

யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் முதலில் வாங்கவில்லை. மோட்டார் சைக்கிளும் சைட்காருமாகக் குடும்பத்தை ஏற்றிப்போன தொழிலாளிக்கு, இது காரா பொம்மையா என்று சந்தேகம். வாங்கினாலும் நிஜக் கார் மாதிரி இருப்பதைத்தானே வாங்குவான்? மினியைக் காப்பாற்றியவர்கள் பணக்காரர்கள். அரச குடும்பத்தில் பெண்ணெடுத்த ஸ்னோடன் பிரபு இசிகோனிஸுக்கு நண்பர், அவர் ஓட்டினார். நடிகர் பீட்டர் செல்லர்ஸ் ஓட்டினார். பீட்டில்ஸ் நால்வரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். 1961இல் பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் எஞ்சினை முறுக்கி மினி கூப்பரைக் கொண்டுவந்தார். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் அது முதலிடம் பிடித்தது. 1966இல் ஜெயித்த பிறகு முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று தகுதி நீக்கினார்கள், அதுவே இன்னொரு விளம்பரமாயிற்று. சிக்கனக் கார் ஷோக்குக் கார் ஆயிற்று. ஏழைக்கென்று செய்த பண்டம் பணக்காரன் கையில் பட்ட பிறகே ஏழையும் கூச்சமில்லாமல் வாங்குவான் என்பது கேழ்வரகு, கம்பு விஷயத்தில் நமக்கும் தெரிந்த கதைதானே. இதுதான் மினியின் இரண்டாவது பிழைப்பு. புது மினி இந்த இரண்டாவதற்குத்தான் பிறந்தது.

முதல் பிழைப்புக்குப் பிள்ளை பிறக்காமலா போயிற்று? இரண்டு முறை கருத்தரித்துக் கலைந்தது. இசிகோனிஸே 1968 வாக்கில் மினிக்கு மாற்றாக 9எக்ஸ் என்று ஒரு காரைச் செய்தார். அதன் நீளம் என்ன தெரியுமா? மினியைவிட நான்கு அங்குலம் குறைவு. ஆனால் உள்ளே இடம் அதிகம், பின்னால் பெரிய கதவு, புது எஞ்சின். அதற்குள் பிஎம்சி, லேலண்டோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்டு ஆகிவிட்டிருந்தது. புது நிர்வாகம் 9எக்ஸைத் தூக்கி ஓரத்தில் வைத்தது. 'சர்' பட்டம் பெற்ற மனிதர், தன் காருக்குத் தானே எழுதிய திருத்தப் பதிப்பு அச்சேறாமலே 1988இல் காலமானார்.

இரண்டாவது முறை 1997இல். அதற்குள் மினி, ரோவர் என்ற நிறுவனத்தின் சொத்தாகி, ரோவரை 1994இல் பிஎம்டபிள்யூ வாங்கியிருந்தது. இங்கே கதையில் ஒரு வேடிக்கை. மினி எந்த முட்டைக் காரை விரட்டப் பிறந்ததோ, அந்த இசெட்டாவை ஜெர்மனியில் செய்து விற்றது பிஎம்டபிள்யூதான். மினி வெளிவந்த அதே 1959ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ திவாலாகும் நிலையில் தத்தளித்து, டிசம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் டைம்லரின் கைக்குப் போகாமல் நூலிழையில் தப்பியது. முப்பத்தைந்து வருடம் கழித்து விரட்டியவன் வீடு ஏலத்துக்கு வர, விரட்டப்பட்டவன் வந்து வாங்கினான். வாங்கிய நேரத்தில் பிஎம்டபிள்யூவின் தலைவராக இருந்த பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர், தாய்வழியில் இசிகோனிஸுக்குத் தூரத்து உறவு வேறு. புராணத்தில் எழுதினால்கூட நம்ப யோசிப்பார்கள்.

அடுத்த மினி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த 1997இல் இரண்டு பதில்கள் காட்சிக்கு வந்தன. பிரிட்டனின் ரோவர் குழு 'ஸ்பிரிச்சுவல்' என்றொரு மாதிரியைக் காட்டியது: நீளம் 3.1 மீட்டர், எஞ்சின் பின்சீட்டுக்கு அடியில், நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், பார்வைக்கு மினி மாதிரியே இருக்காது. ஜெர்மன் தரப்பு காட்டியது பார்வைக்கு மினியேதான். உள்ளே சாதாரண அமைப்பு. முன்னது மினியின் கேள்விக்குப் புதுப் பதில் தேடியது, பின்னது பழைய பதிலின் முகத்தை வரைந்தது. முகம் ஜெயித்தது. 2000இல் பிஎம்டபிள்யூ, ரோவரைப் பத்து பவுண்டுக்குக் கைகழுவியபோது மினியை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த அக்டோபரில் கடைசிப் பழைய மினி ஆலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் 53,87,862 கார்கள். அடுத்த ஆண்டே புது மினி. அதன் பெயரை ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில்தான் எழுத வேண்டும் என்பது நிறுவனத்தின் பிடிவாதம். நம் எழுத்தில் அந்தப் பேதமே கிடையாது என்பதால் இந்தக் கட்டுரையில் இரண்டும் சமமாகவே நிற்கின்றன.

ஃபிராங்க் ஸ்டீவன்சன் வரைந்த அந்த 2001 மினியை நான் குறை சொல்லமாட்டேன். திறமையான வேலை. ஆனால் பழையதில் தேவைக்காக இருந்த ஒவ்வொன்றும் அதில் அலங்காரமாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். வெளியே நீட்டியிருந்த அந்தப் பற்றவைத்த விளிம்பு நினைவிருக்கிறதா? புது மினியில் முன்கண்ணாடித் தூணின் அடியிலிருந்து சக்கரத்தை நோக்கி ஒரு சாய்கோடு இறங்கும். அது அந்த விளிம்பின் ஞாபகார்த்தம். மிச்சப்படுத்த அங்கே அரை அங்குலமும் இல்லை. இப்போது கான்கிரீட் கூரையைச் சாய்வாகப் போட்டு அதன்மேல் ஓடு பதிக்கிறார்களே, அந்த மாதிரி. மழையைத் தடுப்பது கான்கிரீட். ஓடு தெருவில் போகிறவர்களுக்கு.

நடுவில் இருந்த வேகமானியும் அப்படியே. அது பெருத்துப் பெருத்து, இன்றைய மாடலில் 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் திரையாக, தோசைக்கல் அளவுக்கு டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. பழைய மினியை ஓட்டினால் கோ-கார்ட் ஓட்டுவதுபோல இருக்கும் என்பார்கள். சக்கரங்கள் நாலு மூலையில், ரப்பர் விறைப்பு, தரையை ஒட்டிய இருக்கை, இவற்றால் தானாக வந்த குணம் அது. புது மினியில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் திரை நிறம் மாறும், 'கோ-கார்ட் மோட்' என்று வரும், உற்சாகக் கூச்சல்கூட ஒலிபெருக்கியில் கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்கப் பார்க்கவில்லை.

சரி, ஏன் இப்படிப் பெருத்தது? கொழுப்பெடுத்து என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. மோதலில் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் நசுங்குவதற்கு நீளம் வேண்டும். கதவுக்குள் இரும்புத் தண்டும் காற்றுப்பையும் வைத்தால் கதவு தடிக்கத்தான் தடிக்கும். பழைய மினியின் கதவுப் பை, கயிறு எல்லாம் போயிற்று. பாதசாரியின் தலை பானெட்டில் மோதினால் அடியில் இருக்கும் எஞ்சின் இடிக்காமல் இடைவெளி விட வேண்டும் என்று ஐரோப்பிய விதி வந்தது. 2006இன் இரண்டாம் தலைமுறையில் மூக்கு உயர்ந்தது அதனால்தான். ஏசி, புகை வடிகட்டி, சத்தம் அடக்கும் திணிப்பு என்று எல்லாமே இடமும் எடையும் கேட்கிறவை. பழைய மினியைப் போல இரு மடங்குக்கு மேல் எடையுள்ள இன்றைய பெட்ரோல் கூப்பர் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டு நொடிக்குள் தொடுகிறது. அப்படியிருந்தும் பெட்ரோல் குடிப்பதில் தாத்தாவை மிஞ்சவில்லை. எஞ்சின் அறிவியல் அறுபது வருடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும். என் பிள்ளையை ஏற்றி அனுப்ப வேண்டுமானால் இரண்டில் எதில் அனுப்புவேன் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் பாதுகாப்பு, விதி என்ற காரணமெல்லாம் ஒரு எல்லைவரைதான். அதே விதிகளுக்கு உட்பட்டு 2007இல் இத்தாலியின் ஃபியட் 500 மூன்றரை மீட்டரில் மறுபிறவி எடுத்து, ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. அதன் மூலம் 1957இன் 500: மூன்று மீட்டருக்கும் குறைவு, 479 சிசி, 13 குதிரைத்திறன், எஞ்சின் பின்னால். புதியதில் எஞ்சின் முன்னால் வந்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் இதே கதி. பின்னால் இருந்த எஞ்சினை முன்னால் மாற்றி, 1997இல் கோல்ஃப் காரின் அடித்தளத்தில் வண்டு உருவத்தைக் கவிழ்த்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பூச்சாடி வைத்து விற்றார்கள். மெக்சிகோவில் பழைய வண்டு அதன்பிறகும் 2003 வரை தயாரானது என்பது தனிக் கூத்து.

ஃபியட்டிடம் நான் நின்று கவனிப்பது வேறொன்று. பழைய 500ஐ வடிவமைத்த டான்டே ஜியகோசா, மினியைப் பார்த்து அதன் குறை எங்கே என்று பிடித்துவிட்டார். குறுக்கு எஞ்சின் சரி, ஆனால் கியரை ஆயிலுக்குள் அமுக்க வேண்டாம். எஞ்சினின் ஒரு பக்கத்திலேயே ஒட்டிவைத்து, சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகளில் ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வைத்தால் போதும் என்றார். ஃபியட் தன் பெயரைப் பணயம் வைக்கத் துணியாமல் 1964இல் ஆட்டோபியாங்கி என்ற துணை நிறுவனத்தின் பிரிமுலா காரில் இதைச் சோதித்தது. 1969இல் ஃபியட் 128, பிறகு உலகம் முழுக்க அதே அமைப்பு. புது 500இன் முகம் 1957இன் ஜியகோசா, வயிறு 1964இன் ஜியகோசா. புது மினியின் வயிறும் ஜியகோசாதான்! இசிகோனிஸின் சம்ப்புக் கியர் அதில் கிடையாது, ரப்பர் கிடையாது, பத்து அங்குலச் சக்கரம் கிடையாது. எஞ்சினைக் குறுக்கே வைத்தது மட்டும் மிச்சம், அது ஊரிலுள்ள எல்லாக் காரிலும் இருக்கிறது.

எல்லாக் காரிலும் இருக்கிறது என்பதில்தான் விஷயம். 1983இல் வந்த மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், 796 சிசி, குறுக்கே எஞ்சின், முன்சக்கர ஓட்டம், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். அம்பாசடரில் பழகிய வீட்டுப் பெரியவர்கள் 'இதுல எப்படிப்பா அஞ்சு பேரு' என்று கேட்டுவிட்டு ஆறாவதாக ஏறிக்கொண்டார்கள். இன்றைய ஆல்ட்டோ கே10 நீளம் 3,530 மில்லிமீட்டர், அகலம் 1,490. மினி என்று பெயர் வைத்திருக்கும் காரைவிட ஓரடிக்கு மேல் குட்டை, இரண்டு கதவு அதிகம். மினியின் பெயரும் முகமும் ஒரு வீட்டுக்குத் தத்துப் போயின. ரத்தம் தி. நகர் சந்துகளில் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானோவைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் சாலைக்கு வந்த டாடா நானோவின் நீளம் 3.1 மீட்டர், எடை சுமார் 600 கிலோ, திறன் 35 குதிரைக்கு அருகே. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மினியின் அளவுகளோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. நோக்கமும் அதேதான், இருசக்கர வண்டியில் நான்கு பேராகப் போகும் குடும்பத்தைக் கூரைக்கடியில் கொண்டுவருவது. ஆனால் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, வாங்கக் கூச்சப்பட்டார்கள், 2018இல் தயாரிப்பு நின்றுபோயிற்று. நம் சினிமா நட்சத்திரங்களில் நான்கு பேர் ஆளுக்கொரு நானோவில் வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசித்ததுண்டு.

மின்சார மினி வரப்போகிறது என்றதும் எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. மோட்டார் என்பது ஒரு பூசணிக்காய் அளவு. கியர் பாக்ஸ் தொல்லை இல்லை, ரேடியேட்டர் பெரிதாக வேண்டாம். இசிகோனிஸ் கனவிலும் காணாத இடமிச்சம். வந்தது 3.86 மீட்டர் நீளமும் 1,600 கிலோவை ஒட்டிய எடையுமாக, சீனாவில் தயாராகி. பேட்டரிக்கென்று தரை தடித்தது ஒரு காரணம், வாங்குகிறவர்கள் சின்னதைக் கேட்கவில்லை என்பது இன்னொன்று. இதே குடும்பத்தில் கன்ட்ரிமேன் என்ற பெரிய மினியும் உண்டு, இன்றைய வடிவம் நாலரை மீட்டரை நெருங்குகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகிந்திரா சிட்டியிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2013இல் கன்ட்ரிமேனைப் பூட்டத் தொடங்கினார்கள். ஆகவே மினிக்கும் நமக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காகக் கையில் அளவுநாடாவோடு ஒரு கார் ஷோரூமுக்குப் போனேன். கூப்பர் எஸ் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நின்றது. 2024இல் இங்கே வெளியானபோது அதன் விலை 44.90 லட்சம், அந்தக் காசுக்கு அப்போது பதினொரு ஆல்ட்டோ வாங்கியிருக்கலாம். நான் குனிந்து பம்பரிலிருந்து பம்பர் வரை நாடாவை இழுப்பதைப் பார்த்து, டை கட்டிய விற்பனைப் பையன் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"கார் பார்க்கிங் சைஸ் பாக்குறீங்களா சார்?"

"இல்ல தம்பி. பத்துக்குப் பத்து ரூமுக்குள்ள போகுமான்னு பாக்குறேன்."

அவன் ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு நாடாவில் எண்ணைப் படித்தான்.

"போகாது சார். எங்க ரூமும் பத்துக்குப் பத்துதான், சைதாப்பேட்டைல. மூணு பேர் இருக்கோம்."

"இடம் பத்துதா?"

"ஒருத்தனுக்கு நைட் ஷிஃப்ட் சார்" என்று சொல்லிவிட்டு நாடாவை மெல்ல விட்டான். அது சர்ரென்று என் கைக்குள் சுருண்டது.